பணம் வரும், சீட் வருமா?

போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "இங்கே அரிசோனாவில் அரசே பிள்ளையின் படிப்புக்கு ஒரு கணக்குத் தொடங்கிப் பணம் போடும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். பத்து வருஷமாக இந்தப் பக்கத்தை எழுதுகிறேன், எந்தச் சாம்பார்ப் பொடிக் குறிப்புக்கும் இத்தனை கடிதம் வந்ததில்லை. அதனால் இந்த மாதம் முழுக்க அதுவே. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் வக்கீல் இல்லை, அதிகாரியும் இல்லை. 2016-ல் இருந்து 2021 வரை என் மகனுக்காக அந்தக் கணக்கை வைத்திருந்த ஒரு அம்மா, அவ்வளவுதான்.

அக்கா, ஈ.எஸ்.ஏ. என்றால் உண்மையில் என்ன? ஒருவர் ஸ்காலர்ஷிப் என்கிறார், ஒருவர் வங்கிக் கணக்கு என்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் வவுச்சர் என்று திட்டுகிறார்.
— ஒரு அப்பா, கில்பர்ட், அரிசோனா

மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முழுப் பெயர் எம்பவர்மென்ட் ஸ்காலர்ஷிப் அக்கவுண்ட். உங்கள் பிள்ளை, அரசுப் பணத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளி ஒன்றில் சேர்ந்திருந்தால் மாநில அரசு அந்தப் பள்ளிக்கு எவ்வளவு கொடுத்திருக்குமோ, அதில் 90 சதவீதத்தை உங்கள் கையில் கொடுத்து, "நீங்களே படிக்க வையுங்கள்" என்று சொல்கிற ஏற்பாடு. சாதாரணமாக ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 7,000 முதல் 8,000 டாலர். மழலை வகுப்புக்குக் குறைவு. ஆட்டிசம் போன்ற தேவை உள்ள பிள்ளைகளுக்கு 30,000 டாலரைத் தாண்டிக்கூடப் போகும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து விழும். தனியார் பள்ளிக் கட்டணம், டியூஷன், தெரபி, பாடப்புத்தகம் என்று செலவழிக்கலாம்.

இதை ஏன் நேராகப் பள்ளிக்குக் கொடுக்காமல் கணக்கு, கார்டு என்று சுற்றி வளைக்கிறார்கள் என்பதற்கு ஒரு கதை உண்டு. உடல், மனக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் வளர்ப்புப் பிள்ளைகளுக்கும் வவுச்சர், அதாவது தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம், கொடுக்கும் திட்டம் ஒன்று முன்பு இங்கே இருந்தது. மாநில அரசியல் சாசனம் அரசுப் பணம் தனியார் பள்ளிக்குப் போகக் கூடாது என்கிறது என்று சொல்லி, 2009-ல் அரிசோனா உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. சரி, பள்ளிக்குக் கொடுத்தால்தானே தப்பு, பெற்றோருக்குக் கொடுத்து அவர்கள் எங்கே வேண்டுமானாலும் செலவழித்தால்? 2011-ல் அப்படிப் பிறந்ததுதான் ஈ.எஸ்.ஏ. 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைச் செல்லும் என்றது. 2009 வழக்கில் எதிர்வாதியாக இருந்த மாநிலக் கல்விக் கண்காணிப்பாளர் டாம் ஹார்ன்தான், 2023-ல் மறுபடியும் அதே பதவிக்கு வந்து இந்தத் திட்டத்துக்கும் பொறுப்பானார். அவர் பேரைத் தாங்கிய அந்தப் பழைய வழக்கின் தலைப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

என் மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மாவட்டப் பள்ளியில் (அரசுப் பள்ளி) அவனுக்கென்று எழுதிய தனிக் கல்வித் திட்டம், ஐ.இ.பி., இருக்கிறது. ஆனால் டீச்சர் வருஷத்துக்கு இரண்டு பேர் மாறுகிறார்கள், வாரம் 30 நிமிஷம்தான் பேச்சுப் பயிற்சி. ஈ.எஸ்.ஏ. எடுத்தால் கிட்டத்தட்ட 30,000 டாலர் வரும் என்கிறார்கள். கணவர் உடனே கையெழுத்துப் போடு என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.
— பெயர் வேண்டாம், சாண்ட்லர்

உங்கள் பயம் நியாயமானதுதான் தங்கச்சி. உங்கள் கணவரும் சும்மா சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் இதே சமையல் மேடையில் இதே சண்டை நடந்தது, 2016 ஏப்ரலில்.

அந்த ஒப்பந்தத்தில் நீங்கள் எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். வாசிப்பு, இலக்கணம், கணக்கு, சமூகவியல், அறிவியல் ஆகியவற்றை நானே கற்பிக்க ஏற்பாடு செய்கிறேன் என்று ஒத்துக்கொள்கிறீர்கள். கூடவே, என் பிள்ளைக்குக் கல்வி கொடுக்கும் கடமையில் இருந்து பள்ளி மாவட்டத்தை விடுவிக்கிறேன் என்கிறீர்கள். அந்த இரண்டாவதுதான் கனமானது. குறைபாடு உள்ள பிள்ளைகளின் படிப்புக்காக 1975-ல் வந்த மத்தியச் சட்டம் காரணமாகத்தான் இன்றைக்கு உங்கள் மகனைப் "பார்த்துக்கொள்ள முடியாது" என்று எந்த அரசுப் பள்ளியும் சொல்ல முடிவதில்லை. ஐ.இ.பி.யில் எழுதியதை அவர்கள் செய்யாவிட்டால் நீங்கள் முறையிடலாம், விசாரணை கேட்கலாம். 10 நாளுக்கு மேல் அவனை வெளியே நிறுத்தினால், அந்த நடத்தை அவன் குறைபாட்டால் வந்ததா என்று கூட்டம் போட்டுப் பார்த்தாக வேண்டும். தனியார் பள்ளிக்கு இந்தக் கட்டு கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் போன் பண்ணி, திங்கட்கிழமை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட முடியும்.

நான் நாலு தனியார் பள்ளிகளுக்குப் போனேன். கணக்கில் வருஷத்துக்கு 26,000 டாலர் சொச்சம் வரப்போகிறது, ராணி மாதிரி போனேன் என்றே சொல்லலாம். ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை அவ்வளவு அன்பு. எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார். தோட்டம், கோழிக் கூண்டு எல்லாம் சுற்றிக் காட்டினார். நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நேரம் முழுக்க என் மகன் அவர் அறையில் மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு, டப்பாவில் இருந்த கிரேயான்களை நீலம், ஊதா, பச்சை என்று சுவரோரமாக வரிசை வைத்துக்கொண்டிருந்தான். கிளம்பும்போது ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டான், பிடுங்கினால் அலறினான். "பரவாயில்லை, வைத்துக்கொள்ளட்டும்" என்றார். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது: எங்கள் பள்ளி உங்கள் மகனுக்குச் சரிப்பட்டு வராது என்று நினைக்கிறோம். குரலில் அதே அன்பு. இன்னும் இரண்டு பள்ளிகள் வேறு வேறு வார்த்தையில் அதையேதான் சொன்னார்கள். நாலாவது, ஒரு சர்ச் கட்டடத்தின் பின்பக்கம் எட்டே பிள்ளைகளோடு நடந்த சின்னப் பள்ளி. அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். பஸ் கிடையாது, காலையில் 35 நிமிஷம், மாலையில் 50 நிமிஷம் கார் ஓட்டினேன்.

பலன் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. வாரத்துக்கு மூன்று தடவை பேச்சுப் பயிற்சி, இரண்டு தடவை ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சி), எல்லாம் அந்தக் கணக்கில் இருந்து. எட்டு வயதில்தான் முதல் தடவையாக "அம்மா, தண்ணி வேணும்" என்று முழுசாகச் சொன்னான். அந்தப் பணம் இல்லாவிட்டால் எங்கள் ஒற்றைச் சம்பளத்தில் அது நடந்திருக்காது. அதை நான் யாரிடமும் மறைக்க மாட்டேன்.

ஆனால் அந்தக் கணக்கு இன்னொரு வேலை மாதிரி. அப்போது டெபிட் கார்டு கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லா ரசீதையும் கணக்குக் காட்டினால்தான் அடுத்த தவணை. பிறகு பணம் கட்டவும் ரசீது காட்டவும் க்ளாஸ்வாலட் என்கிற இணையத்தளம் வந்தது. நான் ரசீதுகளை ஒரு ஷூ டப்பாவில் போட்டு வைப்பேன், மேலே மாதம் எழுதி. ஒரு தடவை தெரபிக்கென்று தொங்கு ஊஞ்சல் ஒன்று வாங்கினேன், 189 டாலர். தெரபிஸ்ட்டிடம் இருந்து ஒரு கடிதம் வாங்கி இணைத்திருக்க வேண்டும். நான் மறந்துவிட்டேன். செலவு ஏற்கப்படவில்லை, அந்தப் பணத்தைக் கைக்காசில் இருந்து திருப்பிக் கட்டினேன். தப்பு முழுக்க என்னுடையது. ஊஞ்சல் இன்னும் கராஜில் தொங்குகிறது, இப்போது அதில் என் கணவர்தான் உட்கார்ந்து போன் பேசுகிறார்.

அதனால் உங்களுக்குச் சொல்வது இதுதான். முதலில் சீட், அப்புறம் கையெழுத்து. எந்தப் பள்ளி, எந்தத் தேதியில் இருந்து சேர்த்துக்கொள்வார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நடுவில் அனுப்பிவிட்டால் கட்டிய கட்டணம் திரும்பி வருமா என்று கேளுங்கள். கேட்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். தெரபிஸ்ட்டுகளிடம் காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம் என்று விசாரியுங்கள், ஏனென்றால் கணக்கில் பணம் இருந்தும் ஏழு மாதம் தெரபிஸ்ட் கிடைக்காத வீடு எனக்குத் தெரியும். மாவட்டப் பள்ளியில் உள்ள அவன் கோப்பு முழுவதையும், மதிப்பீட்டு அறிக்கை, ஐ.இ.பி., முன்னேற்றக் குறிப்பு எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது வேண்டுமானாலும் மாவட்டப் பள்ளிக்குத் திரும்பலாம், அவர்கள் சேர்த்தே ஆக வேண்டும். ஆனால் கணக்கு மூடப்படும், மிச்சப் பணம் அரசுக்குப் போகும், பழைய ஐ.இ.பி. காலாவதியாகியிருக்கும். மதிப்பீடு, கூட்டம் எல்லாம் மறுபடி. எங்களுக்கு 11 வாரம் பிடித்தது.

அதற்கு முன்னால் இன்னொன்று. வாரம் 30 நிமிஷம் போதாது என்று சொல்லி ஐ.இ.பி. கூட்டத்தை மறுபடி கூட்டச் சொல்லி எழுத்தில் கேட்டீர்களா? வாயால் கேட்டால் காற்றோடு போகும். எழுதிக் கேளுங்கள், தேதி போட்டு. அதற்கு என்ன பதில் வருகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் அந்த ஒப்பந்தத்தைக் கையில் எடுங்கள்.

எங்கள் மகளுக்கு பேசிஸ் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. கூடவே ஈ.எஸ்.ஏ. எடுத்து குமான் டியூஷன் வகுப்புக்குக் கட்டலாமா?
— ஒரு அம்மா, சாண்ட்லர்

முடியாது. பேசிஸ் சார்ட்டர் பள்ளி, அதாவது அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி; அதனால்தான் உங்களிடம் கட்டணம் கேட்கவில்லை. ஒரே பிள்ளைக்கு இரண்டு பக்கமும் பணம் கிடையாது. வாழ்த்துகள், வீட்டுப்பாடத்துக்குத் தயாராக இருங்கள்.

நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாததால் சொல்கிறேன்: 1994-ல் இருந்தே அரிசோனாவில் சார்ட்டர் பள்ளிகளும் உண்டு, உங்கள் எல்லைக்கு வெளியே உள்ள மாவட்டப் பள்ளியில் இடம் இருந்தால் சேரும் வசதியும் உண்டு. பள்ளியைத் தேர்ந்தெடுக்க ஈ.எஸ்.ஏ.தான் ஒரே வழி என்று யாராவது சொன்னால், அவர் பாதிக் கதைதான் சொல்கிறார்.

மகளை வீட்டிலேயே படிக்க வைக்கிறோம், ஈ.எஸ்.ஏ. இருக்கிறது. பரதநாட்டியம், வீணை, தமிழ் வகுப்புக்கு அதில் இருந்து கொடுக்கலாமா அக்கா?
— ஒரு வாசகி, பியோரியா, அரிசோனா

கற்றுக்கொடுப்பவருக்குத் தகுதிச் சான்று வேண்டும், ஒழுங்கான பில் வேண்டும். மாமி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுக்கும் குருதட்சிணைக்கு ரசீது கிடையாது, அது ஆகாது. பொருள் வாங்குவதில் இப்போது சண்டையே நடக்கிறது. எந்தப் பொருளும் ஏதாவது பாடத்திட்டத்தோடு ஒட்டியிருப்பதைக் காட்ட வேண்டும் என்று 2024-ல் மாநில அட்டர்னி ஜெனரல் சொல்ல, பென்சிலுக்கும் புத்தகத்துக்கும்கூடப் பாடத்திட்டம் காட்டணுமா என்று இரண்டு அம்மாக்கள் வழக்குப் போட்டார்கள். அதனால் வீணைக்குப் பாடத்திட்டத்தை முதலில் எழுதி வையுங்கள். சலங்கை எந்தப் பாடத்தில் வருகிறது என்று எழுத உங்களால் முடியும் என்று நம்புகிறேன். அரங்கேற்ற மண்டப வாடகையை மட்டும் தயவுசெய்து போட்டுப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, ஈ.எஸ்.ஏ. எடுத்தவர்கள் சட்டப்படி வீட்டுக்கல்வி ஆட்கள் இல்லை. முன்பு வீட்டுக்கல்விக்கென்று உங்கள் கவுண்டி கல்வி அலுவலகத்தில் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்திருந்தால் அதைத் திரும்பப் பெற வேண்டும். இதில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

இது அரசுப் பள்ளிகளைச் சுரண்டும் திட்டம் என்று என் சக ஊழியர் சொல்கிறார். அந்தப் பணத்தை வாங்குவது பாவமா?
— மென்பொருள் பொறியாளர், டெம்பி

பாவ புண்ணியம் கோயிலில் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், என் அபிப்பிராயத்தையும் சேர்த்தே.

நான் கணக்கு வைத்திருந்த காலத்தில் இது சில வகைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். எல்லோருக்கும் விரிக்கலாமா என்று 2018-ல் மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. 305-ம் எண் தீர்மானம். நூற்றுக்கு 65 பேர் வேண்டாம் என்றார்கள். நாலு வருஷம் கழித்து, 2022-ல், சட்டமன்றம் நிறைவேற்றி ஆளுநர் டக் டூசி கையெழுத்துப் போட, வருமான வரம்பு எதுவும் இல்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று ஆனது. அதற்கு முன் சுமார் 12,000 பிள்ளைகள் இருந்தார்கள், 2025-ல் 85,000ஐத் தாண்டிவிட்டது. செலவு வருஷத்துக்குச் சுமார் 100 கோடி டாலர். விரிவாக்கம் வந்ததும் முதலில் விண்ணப்பித்தவர்களில் சுமார் நாலில் மூன்று பேர் அரசுப் பள்ளியில் படித்த பதிவே இல்லாதவர்கள். அதாவது ஏற்கெனவே தனியார் பள்ளியிலோ வீட்டிலோ படித்த பிள்ளைகள், அல்லது இப்போதுதான் பள்ளி வயதுக்கு வந்தவர்கள். கஷ்டப்படும் பிள்ளையை மோசமான பள்ளியில் இருந்து மீட்க என்று சொல்லி விற்ற சரக்கு, பெரும்பாலும் ஏற்கெனவே கட்டணம் கட்டிக்கொண்டிருந்தவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இது எனக்கு உறுத்துகிறது. 20,000 டாலர் கட்டணம் உள்ள பள்ளிக்கு 7,500 டாலர் கொடுத்தால் மிச்சம் 12,500 போட முடிந்தவருக்குத்தான் அது சலுகை. வீடு துடைத்துப் பிழைக்கும் அம்மாவுக்கு அது வெறும் காகிதம்.

அதே நேரம், பள்ளிகள் மூடுவதெல்லாம் இதனால்தான் என்று உங்கள் சக ஊழியர் சொன்னால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பாரடைஸ் வேலி பள்ளி மாவட்டம் 2024-ல் மூன்று பள்ளிகளை மூட முடிவெடுத்தது, ரூஸ்வெல்ட் பள்ளி மாவட்டம் அதே வருஷக் கடைசியில் ஐந்து. பிள்ளைகள் பிறப்பதே குறைந்துவிட்டது, வீட்டு விலையால் இளம் குடும்பங்கள் வெளியே போகின்றன, சார்ட்டர் பள்ளிகள் முப்பது வருஷமாகப் பிள்ளைகளை இழுக்கின்றன. ஈ.எஸ்.ஏ. அந்தக் காயத்தில் இன்னொரு கீறல்.

கணக்குப் பார்ப்பதும் ஒழுங்காக இல்லை. இல்லாத பிள்ளைகள் பேரில் கணக்குத் தொடங்கி 6 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டியதாக 2024-ல் ஐந்து பேர் மீது வழக்குப் பதிவானது, மாநிலக் கல்வித் துறையில் முன்பு வேலை பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள். விண்ணப்பம் குவிந்ததால் அதே டிசம்பரில், 2,000 டாலருக்குக் கீழே உள்ள செலவுகளை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் தணிக்கை செய்வது என்று ஆரம்பித்தார்கள். 189 டாலர் ஊஞ்சலுக்குப் பணம் கட்டிய எனக்கு இதைப் படித்ததும் வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

டெக்சாஸிலும் வருகிறதாமே, விவரம் சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், பிளேனோ

2025 மே மாதம் ஆளுநர் கிரெக் அபட் கையெழுத்துப் போட்டார். 2026-27 கல்வியாண்டில் இருந்து. தனியார் பள்ளிக்குச் சுமார் 10,000 டாலர், குறைபாடு உள்ள பிள்ளைக்கு 30,000 வரை, வீட்டில் படித்தால் 2,000. அரிசோனா மாதிரி திறந்த பை இல்லை, முதல் கட்டத்துக்கு 100 கோடி டாலர்தான். விண்ணப்பம் மிஞ்சினால் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் முன்னுரிமை. பிளேனோவில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற நம் வீடுகள் வரிசையின் கடைசியில்தான் நிற்கும். பட்ஜெட்டில் இதை இப்போதே எழுதிவிடாதீர்கள்.

அம்மா, என் மகள் அரிசோனாவில் இருக்கிறாள். பேரனுக்கு அரசாங்கமே பணம் தருகிறது என்கிறாள். நம் ஊரில் தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் கொடுக்கிறார்களே, அது மாதிரியா?
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், திருநெல்வேலி

வணக்கம் ஐயா. தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம், கூடப்பிறந்தது இல்லை. நம் ஊரில் 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளி நுழைவு வகுப்பில் கால் பங்கு இடம் ஒதுக்க வேண்டும். நலிந்த பிரிவு என்று கேட்டால் வருஷ வருமானம் 2 லட்சத்துக்குக் கீழ் இருக்க வேண்டும், வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஆள் அதிகமானால் குலுக்கல். பணம் பெற்றோர் கைக்கு வராது, அரசு பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்கும். அது தாமதமானால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2025-ல் மத்திய நிதித் தகராறில் சேர்க்கையே அக்டோபர் வரை இழுத்துக்கொண்டு போனதே.

இங்கே எல்லாம் தலைகீழ். வருமான வரம்பு இல்லை, குலுக்கல் இல்லை, பணம் பெற்றோர் பேரில் வரும். ஆனால் நம் ஊர்ப் பள்ளி, குலுக்கலில் பெயர் வந்த பிள்ளையைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். இங்கே தனியார் பள்ளி யாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. கையில் பணம் இருக்கும், வாசல் கதவைத் திறப்பது அவர்கள் இஷ்டம். உங்கள் பேரனுக்குக் கதவு திறந்திருந்தால் சந்தோஷம். மாநிலத் தேர்வு எதுவும் அவனுக்குக் கட்டாயம் இல்லை என்பதால், எப்படிப் படிக்கிறான் என்று வீடியோ காலில் நீங்களே நாலு கணக்குக் கொடுத்துப் பாருங்கள். தலைமை ஆசிரியர் தாத்தா இருப்பதற்கு அதுதான் லாபம்.

அக்கா, உங்கள் மகன் இப்போது எங்கே படிக்கிறான்? ஏன் கணக்கை மூடினீர்கள்?
— மூன்று கடிதங்களில் இதே கேள்வி

அந்தச் சின்னப் பள்ளியை நடத்தியவர் 2021-ல் உடல்நிலை சரியில்லாமல் மூடிவிட்டார். மறுபடி பள்ளி தேடிப் படியேற எனக்குத் தெம்பு இல்லை. மாவட்ட நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேர்த்தோம். முதல் மூன்று மாதம் நரகம். அப்புறம் ஒரு டீச்சர் அமைந்தார், இப்போதும் அவன் பிறந்தநாளுக்குச் செய்தி அனுப்புகிறார்.

இப்போது பதினொன்றாம் வகுப்பு. காலை 6:40-க்கு மஞ்சள் பஸ் வீட்டு வாசலுக்கே வருகிறது. இவன் 6:25-க்கே பையை மாட்டிக்கொண்டு போய் நிற்கிறான். டிரைவர் லீவ் போட்டு வேறு ஆள் வந்தால் ஏற மாட்டான், நான் நைட்டியோடு ஓடிப்போய் ஏற்றிவிட வேண்டும். போன வாரம்கூட ஓடினேன்.